ஒற்றை வாத்து

ஒரே ஒரு வாத்துக் குஞ்சு கேட்டு வருகிறவருக்கு வாத்து விற்கக் கூடாது. விற்றால் பாவம், வாங்கினால் அதைவிடப் பெரிய பாவம். இதை நான் யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். "உலகத்தில் எத்தனையோ அநியாயம் நடக்கிறது. நீர் போயும் போயும் வாத்துக்கு வக்காலத்து வாங்குகிறீரே!" என்கிறார்கள். வாங்கத்தான் போகிறேன். மற்ற அநியாயங்களுக்கு வக்கீல்கள் இருக்கிறார்கள். வாத்துக்கு இல்லை.

எனக்கு ஒரு நண்பர். பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பெயரைச் சொன்னால் மறுநாளே வக்கீல் நோட்டீஸ் வரும், ஆகையால் சொல்லவில்லை. பேரனுடைய பிறந்த நாளுக்காகச் சந்தையிலிருந்து ஒரு வாத்துக் குஞ்சு வாங்கிக்கொண்டு போனார். மஞ்சள் பஞ்சை உருட்டி இரண்டு கண் வைத்தது போல இருந்தது. பையன் கூடத்துக்குப் போனால் அதுவும் கூடத்துக்குப் போயிற்று. அடுப்பங்கரைக்குப் போனால் அடுப்பங்கரைக்குப் போயிற்று. அதைச் செல்போனில் படம் பிடித்து உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். எனக்கும் வந்தது. 'பார்த்தீரா, என்ன பாசம்!' என்று கீழே ஒரு வரி. மூன்று வாரம் ஆவதற்குள் குஞ்சு செத்துப்போய்விட்டது. நண்பர் வருத்தப்பட்டார் என்று சொல்ல வேண்டும், பொய் சொல்லக்கூடாது. ஆனால் அவர் சொன்ன காரணம் இருக்கிறதே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. "வாத்து ஓர் அசட்டு ஜந்து ஐயா, அதற்குப் பிழைக்கத் தெரியவில்லை" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இத்தனை பக்கமும் எழுதுகிறேன்.

தமிழில் ஒருவனை மட்டம் தட்ட வேண்டுமானால் 'வாத்து மடையன்' என்கிறோம். பள்ளிக்கூடத்தில் கணக்கு வராத பையனை வாத்தியார் அப்படி அழைப்பார். பையன்கள் வாத்தியார் என்பதையே 'வாத்து' என்று சுருக்கி வஞ்சம் தீர்த்துக்கொள்வார்கள். இதே தமிழில் அன்னத்துக்கு எவ்வளவு மரியாதை! அழகிய நடை என்றால் அன்ன நடை. தமயந்தியிடம் தூது போனது அன்னம். பாலையும் நீரையும் பிரிக்கிற விவேகம் அன்னத்துக்கு. சரஸ்வதியே ஏறி உட்காருகிறாள். இத்தனைக்கும், நம் காலண்டர் படங்களில் வருகிற அந்த நீண்ட கழுத்து வெள்ளைப் பறவையைத் தமிழ்நாட்டு நீர்நிலையில் கண்ணால் கண்டவர் யார்? வோகல் என்ற டச்சு அறிஞரின் புத்தகம் ஒன்று 1962-ல் வெளிவந்தது. பழைய இந்திய இலக்கியத்திலும் சிற்பத்திலும் வருகிற ஹம்சம் சீமை அன்னம் அல்ல, பெருவாத்துத்தான் என்பது அவர் கட்சி. இமயமலையைத் தாண்டிக் குளிர் காலத்தில் இந்தியாவுக்கு வருகிற பெருவாத்து ஒன்று உண்டு. திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்துக்குப் போனால் நீங்களும் பார்க்கலாம். அதற்கு இன்று தமிழில் வழங்குகிற பெயர் 'வரித்தலை வாத்து'. ஆக, காவியத்தில் வந்தால் அன்னம். கொல்லையில் வந்தால் மடையன்.

சரி, மடமை விஷயத்துக்கே வருவோம். 2016-ல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த இருவர் ஒரு பரீட்சை செய்தார்கள். பொரிந்து ஒரு நாள்கூட முழுசாக ஆகாத வாத்துக் குஞ்சுகளுக்கு முன்னால் இரண்டு சின்னப் பொருள்களை நகரவிட்டார்கள். சில குஞ்சுகளுக்கு ஒரே உருவமுள்ள ஜோடி. சிலவற்றுக்கு வெவ்வேறு உருவமுள்ள ஜோடி. பிறகு, அவை முன்பின் பார்த்திராத புது ஜோடிகளைக் காட்டினார்கள். முதலில் ஒரே மாதிரி ஜோடியைப் பார்த்த குஞ்சுகள் பெரும்பாலும் ஒரே மாதிரி ஜோடியின் பின்னாலேயே போயின. வேறு வேறு பார்த்தவை வேறு வேறானதன் பின்னால் போயின. அதாவது உருவத்தை மட்டும் அல்ல, 'ஒன்றாக இருத்தல்', 'வேறாக இருத்தல்' என்கிற சம்பந்தத்தையே அவை பிடித்துக்கொண்டிருக்கின்றன. நம் வீட்டுக் குழந்தைக்கு இதைச் சொல்லிக்கொடுக்க எத்தனை மாதம் ஆகிறது என்று யோசித்துப் பாருங்கள். நண்பருக்கு இதைச் சொன்னேன். "பிழைக்கத் தெரிந்ததா என்று கேட்கிறேன், பரீட்சை பாஸ் பண்ணினதா என்று கேட்கவில்லை" என்றார். உத்தியோகம் பார்த்தவர் அல்லவா!

பிழைக்கத் தெரிந்துதான் அது பேரன் பின்னால் ஓடிற்று என்பதுதான் நான் சொல்ல வருவது. பொரிந்த முதல் நாளில், கண்ணெதிரே அசைகிற பெரிய உருவம் எதுவோ அதைத் தாய் என்று வாத்துக் குஞ்சு வரித்துக்கொண்டுவிடும். தாயாக இருந்தால் தாய். மனிதனாக இருந்தால் மனிதன். பந்தாக இருந்தால் பந்து. ஆஸ்திரியாக்காரரான கொன்ராட் லோரன்ஸ் 1935-ல் இதை விரிவாக எழுதினார். 1973-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. (அந்த மனிதர் 1938-ல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். அவர் அரசியலுக்கு நான் ஜவாப்தாரி அல்ல. பறவை விஷயத்தில் கெட்டிக்காரர்.) காட்டு வாத்துக் குஞ்சுகளுக்குத் தாயாக நடிக்கப்போய் அவர் பட்ட பாட்டை அவரே எழுதியிருக்கிறார். நிமிர்ந்து நின்றால் குஞ்சுகள் அலறின. குந்திக்கொண்டு, தாய் வாத்தைப் போல இடைவிடாமல் கத்திக்கொண்டே புல்தரையில் தவழ்ந்தால்தான் பின்தொடர்ந்தன. கத்துவதைச் சற்று நிறுத்தினாலும் அழுகை. வேலிக்கு வெளியே போனவர்களுக்கு உயரமான புல்லில் குஞ்சுகள் தெரியவில்லை. தாடி வைத்த பெரிய மனிதர் ஒருவர் தரையில் தவழ்ந்து வாத்துப்போலக் கத்துவது மாத்திரம் தெரிந்தது.

இதில் சிரிப்பதற்கு நிறைய இருக்கிறது. நான் கவனிக்கச் சொல்வது வேறு. தாய் ஒரு நிமிஷம் வாயை மூடினாலே தாங்காத பிராணி அது. பேரன் காலை எட்டரை மணிக்குப் பள்ளிக்கூட வேன் ஏறுகிறான். திரும்பி வர மாலை நாலரை. அந்த எட்டு மணி நேரம் தாயைத் தொலைத்த குஞ்சு என்ன செய்யும்? கத்தும். உடம்பில் இருக்கிற சக்தியை எல்லாம் செலவழித்துக் கத்தும். வீட்டில் இருப்பவர்களுக்கு அது 'கீச்சு கீச்சு' என்று அழகாக இருந்திருக்கும். நண்பருக்கு வந்த பாசம், பயத்தின் மறு பக்கம்.

குஞ்சு செத்ததற்குக் காரணம் தேடவும் நெடுந்தூரம் போக வேண்டாம். குளியலறை பக்கெட்டில் அதை நீந்தவிட்டார்கள். அதற்கும் படம் எனக்கு வந்தது. வாத்துதானே, தண்ணீரில் பிறந்தது என்று எண்ணம். வாத்தின் வால் அடியில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. வளர்ந்த வாத்து அதை அலகால் எடுத்து இறகு முழுதும் பூசிக்கொள்கிறது; தண்ணீர் ஒட்டாது. தாயோடு இருக்கிற குஞ்சுக்குத் தாயின் இறகுக்குள் புகுந்து புகுந்து வருவதில் அந்தப் பூச்சு கிடைத்துவிடும். எந்திரத்தில் பொரித்து, சந்தைக்கு வந்த குஞ்சுக்கு அதைப் பூச யார் இருக்கிறார்கள்? பஞ்சு நனைந்தால் பஞ்சு மாதிரியே ஊறும். குளிர் உள்ளே போகும். நன்றாக இறகு கட்ட ஏழெட்டு வாரம் ஆகும். அதுவரை தண்ணீரில் சற்று நேரம் விட்டாலும் உடனே துடைத்துச் சூட்டில் வைக்க வேண்டும். போதாக்குறைக்கு ஆகாரம் ரொட்டியும் பிஸ்கட்டும். வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது. கோழிக் குஞ்சுத் தீவனம் போட்டாலும் கவனமாக இருக்க வேண்டும். நியாசின் என்ற வைட்டமின் கோழிக் குஞ்சைவிட வாத்துக் குஞ்சுக்கு அதிகம் வேண்டும், இல்லாவிட்டால் கால் வளைந்துபோகும். பூசணம் பூத்த கடலைப் புண்ணாக்கு அதற்கு விஷம். 1960-ல் இங்கிலாந்தில் வான்கோழிகளும் வாத்துக் குஞ்சுகளும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. காரணம் தேடிப் போனதில்தான் பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கும், அதிலிருந்த அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சும் அகப்பட்டன. அந்த நஞ்சுக்கு முதலில் தலை சாய்க்கிற ஜாதி வாத்துக் குஞ்சு. இவ்வளவு சமாசாரம் இருக்கிறது. அசடு யார் என்று நான் சொல்லவில்லை.

ஆகாரமும் சூடும் சரியாகக் கொடுத்து அந்தக் குஞ்சு பிழைத்தே இருந்தாலும் என் ஆட்சேபணை அப்படியேதான் நிற்கும். ஏனென்றால் வாத்து என்பது ஒருமைச் சொல் அல்ல.

1999-ல் அமெரிக்காவில் செய்த ஓர் ஆராய்ச்சியைப் படித்ததிலிருந்து இது என் மனத்தை விட்டுப் போகவில்லை. நான்கு வாத்துகளை வரிசையாகத் தூங்கவிட்டுக் கவனித்தார்கள். நடுவில் இருந்த இரண்டும் பெரும்பாலும் இரண்டு கண்ணையும் மூடித் தூங்கின. ஓரத்தில் இருந்தவை ஒரு கண்ணைத் திறந்துவைத்துத் தூங்கின. அதுவும் கூட்டத்துக்கு வெளிப்பக்கம் பார்க்கிற கண்ணை. மூளையில் ஒரு பாதி தூங்குகிறது, மறு பாதி காவல் காக்கிறது. நம் கிராமத்தில் களத்துமேட்டில் நெல் குவித்திருக்கும்போது ஆள்கள் முறைபோட்டுத் தூங்குவார்களே, அந்த ஏற்பாட்டை வாத்து தன் ஒரே தலைக்குள் செய்துவைத்திருக்கிறது.

இப்போது ஒற்றை வாத்தை நினைத்துப் பாருங்கள். அதற்கு நடு என்று ஓர் இடம் இல்லை. இரண்டு பக்கமும் ஓரம். எந்தக் கண்ணை மூடும்?

எங்கள் வீட்டுக் கொல்லையில் மூன்று பெட்டை வாத்துகள் இருக்கின்றன. என் பேத்தி பட்டு, சிட்டு, லட்டு என்று பெயர் வைத்திருக்கிறாள். காவிரிப் பக்கத்துச் சின்ன ஊர். கொல்லை என்றால் பெரிய நந்தவனம் ஒன்றும் இல்லை. கிணறு, துவைக்கிற கல், நாலு வாழை, ஒரு முருங்கை, என் மனைவியின் கீரைப் பாத்தி. காலை ஐந்தரை மணிக்குக் கூண்டைத் திறந்தால் மூன்றும் வரிசையாக வெளியே வரும். எப்போதும் பட்டுதான் முதல். வாத்து பெரும்பாலும் விடிவதற்குள் முட்டையிட்டு முடித்துவிடும். கோழியைப் போல ஊரைக் கூட்டி அறிவிப்பதில்லை. வைக்கோலுக்குள் கிடக்கும், நாம்தான் தேடி எடுக்க வேண்டும்.

வெளியே வந்ததும் முதல் காரியம் தொட்டி. வாத்துக்குக் குளம் வேண்டும் என்று பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: வேண்டாம். தலை முழுக முங்குகிற ஆழத்துக்கு ஒரு தொட்டி போதும். குஞ்சு விழுந்தால் ஏறி வரப் படி வேண்டும். ஆனால் அந்தத் தொட்டி இல்லாமல் முடியாது. கண்ணையும் மூக்குத் துவாரத்தையும் அது தண்ணீரில் முக்கித்தான் சுத்தம் செய்துகொள்கிறது. குடிக்க மட்டும் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் கொஞ்ச நாளில் கண் பீளை கட்டும். தலையை முக்கித் தூக்கி, உதறி, 'புஸ்' என்று மூக்கைச் சிந்தி, மறுபடியும் முக்கி – மூன்றும் இதை ஒரு நித்திய கர்மம் மாதிரி செய்யும். சந்தியாவந்தனத்தில் இவ்வளவு சிரத்தையை நான் மனிதர்களிடம் பார்த்ததில்லை.

அப்புறம் துவைக்கிற கல்லுக்குக் கீழே உள்ள சேறு. சலவைத் தண்ணீர் வேறு பக்கம் போக வழி செய்திருக்கிறேன். இது கிணற்றடியில் சிந்துகிற நல்ல தண்ணீர். அலகைச் சேற்றில் வைத்தால் தையல் மெஷின் ஓட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அலகின் ஓரத்தில் சீப்புப் பல் போல வரிசை இருக்கிறது. சேறும் தண்ணீரும் வடிந்துபோகும், புழு உள்ளே தங்கும். நத்தை, மண்புழு, கொசுப்புழு, வாழையடியில் ஒளிந்திருக்கிற பூச்சி எல்லாம் போயிற்று. கீரைப் பாத்தியும் ஒரு நாள் போயிற்று. அன்றைக்கு என் மனைவி பேசியதை இங்கே எழுத முடியாது. இப்போது பாத்தியைச் சுற்றி வலை இருக்கிறது.

வானத்தில் பருந்து வட்டமிட்டால் மூன்றும் ஒரே சமயத்தில் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் மேலே பார்க்கும். எங்களுக்குப் பருந்து தெரிவதற்கு முன்னால் அவற்றுக்குத் தெரிந்துவிடும். மழையின் முதல் துளி விழுந்தால் கழுத்தை நீட்டிக்கொண்டு நடுக் கொல்லைக்கு ஓடும். ஒன்று வாழைக்குப் பின்னால் மறைந்தால் மற்ற இரண்டும் மேய்வதை நிறுத்திவிட்டுக் கூப்பிடும்; பதில் வந்த பிறகுதான் மறுபடியும் அலகு சேற்றில் இறங்கும். போன ஐப்பசியில் சிட்டுவுக்குக் காலில் முள் ஏறி வீங்கிற்று. மருந்து போட்டு, அலையாமல் இருக்கட்டும் என்று பின்தாழ்வாரத்தில் கூடையைக் கவிழ்த்து உள்ளே வைத்தோம். மற்ற இரண்டும் படியேறி வந்து கூடையின் இரு பக்கமும் உட்கார்ந்தன. வெளியே அப்போதுதான் மழை விட்டு மண்புழு நெளிகிற நேரம். போகவில்லை. சாயங்காலம் கூடையைக் கழற்றி மூன்றையும் ஒன்றாகக் கூண்டில் விட்டோம். அப்புறம்தான் தவிட்டுக் கிண்ணத்தைத் தொட்டன.

என்னைக் கண்டால் என்ன செய்யும் என்று கேட்பீர்கள். தவிடு கையில் இருந்தால் வரும். இல்லாவிட்டால் இரண்டடி விலகி நிற்கும். மடியில் ஏறி உட்காருவதில்லை; பின்னாலேயே வருவதில்லை. அவை எனக்குச் செல்லம். நான் அவற்றுக்குச் செல்லம் அல்ல. நாவல் எழுதுகிறவனுக்கு இது நல்ல பழக்கம். தன்னைச் சுற்றித்தான் எல்லாப் பாத்திரமும் சுழல வேண்டும் என்று நினைக்கிற ஆசிரியனுக்கு நாவல் வராது.

இவை எங்கள் வீட்டுக்கு வந்த வகையையும் சொல்ல வேண்டும். குறுவை அறுப்பு முடிந்த வயல்களில் வாத்து மேய்ப்பவர்கள் வந்து இறங்குவார்கள். ஆயிரம் வாத்து, இரண்டு ஆள், கையில் நீண்ட கம்பு. அரிதாளுக்கிடையில் உதிர்ந்த நெல்லும் நத்தையும் வாத்துக்கு. வாத்தின் எச்சம் வயலுக்கு. ராத்திரி வலை கட்டி அடைப்பார்கள். விடியற்காலம் விளக்கை வைத்துக்கொண்டு முட்டை பொறுக்குவார்கள். அப்படி வந்தவர் ஒருவர், ஆரணிப் பக்கத்துக்காரர். இறகு நிறத்தைப் பார்த்துக் 'கீரி' என்றும் 'சன்னியாசி' என்றும் வாத்துகளுக்கு ஜாதி சொன்னார். நான் அவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போது, சாலையில் காரை நிறுத்திவிட்டு வந்த ஒருவர், "குழந்தைக்கு விளையாட ஒரு வாத்து கொடுப்பா, என்ன விலை?" என்றார்.

வாத்துக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஒண்ணா? ஒண்ணை வெச்சுக்கிட்டு என்னா சார் பண்ணுவீங்க? ராவெல்லாம் கத்தும். கத்திக் கத்தியே உசிரை வுட்டுடும். குடுத்தா மூணாத்தான் குடுப்பேன்" என்றார்.

கார்க்காரர் போய்விட்டார். மூன்றையும் நான் வாங்கி வந்தேன்.

ஆக்ஸ்போர்டையும் ஆஸ்திரியாவையும் நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த மனிதருக்கு அது வயல் வரப்பில் தெரிந்திருந்தது. இதற்கு என் நண்பர் ஒரு போடு போட்டார்: "அவன் வாத்தெல்லாம் கடைசியில் சட்டிக்குத்தானே போகிறது? கசாப்புக்கு விற்கிறவனை மகாத்மா ஆக்குகிறீர். என் பேரன் அதை முத்தம் கொடுத்து வளர்த்தான்." நல்ல கேள்விதான், ஒதுக்கிவிட முடியாது. சட்டிக்குப் போவதை நான் கொண்டாடவில்லை. எங்கள் வீட்டில் சாப்பிடுவதும் இல்லை. ஆனால் அந்த வாத்து சட்டிக்குப் போகிற நாள் வரைக்கும் வாத்தாக இருக்கிறது. வயல் இருக்கிறது, சேறு இருக்கிறது, இரு பக்கமும் துணை இருக்கிறது, தூங்குவதற்கு நடு இருக்கிறது. முத்தம் வாங்கின வாத்துக்கு இதில் ஒன்றுகூட இல்லை. வீட்டு வாத்துக்குப் பத்து வருஷம்கூட ஆயுசு உண்டு. பத்து வருஷம் ஒருவனைத் தன் இனத்தின் முகமே பார்க்காமல் வைத்து, நாள்தோறும் முத்தம் கொடுத்தால் அதற்கு என்ன பெயர்? மனிதர்களுக்குச் செய்தால் அதற்குத் தண்டனைச் சட்டத்தில் இடம் உண்டு.

வாத்துக்குச் சட்டம் இல்லையா என்றால், உண்டு. ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் போராடியதன் பலனாக 1960-ல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. போதிய ஆகாரம், தண்ணீர், இருப்பிடம் கொடுக்காத சொந்தக்காரனையும் அது குற்றவாளி என்றது. முதல் குற்றத்துக்கு அதில் எழுதிவைத்த அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல். துணை கொடுக்காதவனைப் பற்றி அந்தப் பட்டியலில் பேச்சில்லை. ஸ்விட்சர்லாந்தில் 2008-ல் வந்த விதிகள் இதையும் பேசின. கூடி வாழ்கிற பிராணிக்குத் தன் இனத்தின் துணை இருக்க வேண்டும் என்று விதித்து, கினி எலியைக்கூட ஒற்றையாக வைக்கக் கூடாது என்றார்கள். கினி எலிக்கு உள்ள நியாயம் வாத்துக்கு ஏன் கிடையாது?

அடுத்த வீட்டுக்காரர் ஆட்சேபணையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "ஒன்று என்றால் பொறுத்துக்கொள்ளலாம் சார், மூன்று கத்துகிறதே" என்கிறார். சத்தம் உண்டு. பெட்டை வாத்துக்குத்தான் தொண்டை பெரிது. ஆண் வாத்து கரகரவென்று தாழ்ந்த குரலில் ஏதோ முணுமுணுக்கும், அவ்வளவுதான். (என் வீட்டை வைத்து இதற்கு உவமை சொல்லத் தோன்றுகிறது. இந்தக் கட்டுரையை முதலில் படிக்கப்போவது என் மனைவி.) எச்சமும் உண்டு, தண்ணீர் மாதிரி எச்சம், நிறைய. தினம் வைக்கோல் மாற்றி, தொட்டித் தண்ணீரை வாழைக்குக் கொட்டிவிட்டால் நாற்றம் இராது. இரண்டு நாள் சும்மா இருந்தால் அடுத்த வீட்டுக்காரர் சொல்வதுதான் நியாயம். ஆனால் சத்தக் கணக்கு வேறு. துணையோடு இருக்கிற வாத்து காலையிலும் தவிட்டு நேரத்திலும் கத்தும். தனி வாத்து துணை தேடிக் கத்தும். அதற்குக் காலை மாலை கிடையாது. ஒன்றைவிட மூன்று அமைதி என்ற இந்தக் கணக்கை அவர் ஒப்புக்கொள்ள மறுக்கிறார். மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி பத்து நாள் எங்கள் இரு வீட்டு ஓட்டையும் அசைத்தபோது அவர் ஆட்சேபணை எழுப்பியதாக நினைவில்லை. மூல வியாதிக்கு வாத்து முட்டை நல்லது என்று யாரோ சொன்னார்களாம். வாரத்துக்கு இரண்டு முட்டைக்குப் பையனை அனுப்புகிறார். முட்டை போய்க்கொண்டிருக்கும் வரையில் வழக்கு வராது என்று நம்புகிறேன்.

வழக்கு வந்தாலும் முன்னுதாரணம் இருக்கிறது. பிரான்ஸ் தேசத்தில் சூஸ்தோன் என்ற ஊரில் ஓர் அம்மாள் அறுபது வாத்துகளையும் பெருவாத்துகளையும் வைத்திருந்தார். நகரத்திலிருந்து புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் தாங்கவில்லை என்று கோர்ட்டுக்குப் போனார். டாக்ஸ் நகர நீதிமன்றம் 2019 நவம்பரில் வாத்துகள் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று. 2021 ஜனவரியில் கிராமத்தின் ஓசையையும் வாசனையையும் தேசத்தின் சொத்தாக மதிக்கிற சட்டம் ஒன்றையே அங்கே கொண்டுவந்தார்கள். நம் ஊரில் கொல்லையையே சிமெண்டு போட்டு மூடி, அதன்மேல் வழுவழு ஓடு பதித்துவிடுகிறோம். அப்புறம் வாத்துக்கு இடம் இல்லை, மண்புழுவுக்கு இடம் இல்லை, மழைத் தண்ணீருக்கும் இடம் இல்லை. அதை இன்னொரு நாள் சண்டை போடலாம்.

ஆகவே, வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மாடிக் குடியிருப்பில் பால்கனியை நம்பி வாத்து வாங்காதீர்கள். மண் தரை, தொட்டி, ராத்திரி கீரிப்பிள்ளையும் தெரு நாயும் நுழையாதபடி தாழ்ப்பாள் போட்ட கூண்டு – இந்த மூன்றும் இருந்தால் யோசியுங்கள். அதற்கு மேல் இரண்டாவது வாத்து. மூன்றானால் நலம். எல்லாம் பெட்டையாக இருக்கட்டும். ஆணும் வேண்டுமென்றால் ஒன்றுக்கு ஐந்தாறு பெட்டையாவது வேண்டும். ஒரு ஜோடி என்று அழகுக்காக வாங்கினால் அந்த ஒரு பெட்டையின் கழுத்து இறகெல்லாம் பிய்ந்துபோகும். இவ்வளவுக்கு வசதி இல்லையென்றால் குழந்தையை அழைத்துக்கொண்டு போய் அறுப்பு முடிந்த வயலில் ஆயிரம் வாத்தைக் காட்டுங்கள். அதற்குக் காசு கேட்க மாட்டார்கள். சந்தையில் சாயம் பூசிய கோழிக் குஞ்சுக் கூடைக்குப் பக்கத்தில் வாத்துக் குஞ்சு விற்கிறவரிடம், "ஒன்றாக விற்காதே அப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். அவர் முறைப்பார். முறைக்கட்டும்.

ஏற்கெனவே ஒற்றை வாத்து வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள். உங்கள் வாத்து மனிதர்களோடு பழகிவிட்டது, இன்னொரு வாத்தைச் சேர்க்காது என்பீர்கள். சேர்க்கும், நாளாகும். ஏறக்குறைய அதே வயதில், அதே பருமனில் ஒரு பெட்டையைத் தேடுங்கள். வந்ததைக் கால்நடை வைத்தியரிடம் காட்டி, நோய் இல்லை என்று தெரிகிற வரையில் தூரத் தனியே வையுங்கள். பிறகு கொல்லையின் குறுக்கே கம்பி வலை கட்டி, இந்தப் பக்கம் பழையதும் அந்தப் பக்கம் புதியதுமாகப் பத்து நாள் விடுங்கள். தவிட்டுக் கிண்ணங்களை வலைக்கு ஒட்டினாற்போல் இரு பக்கமும் வையுங்கள். முதல் இரண்டு நாள் பழையது வலையைக் கொத்தும். பிறகு வலையோரமாகவே உட்கார ஆரம்பிக்கும். அதைப் பார்த்த அன்று வலையை எடுக்கலாம். தொட்டி மட்டும் இரண்டாக இருக்கட்டும்.